நடுவில் யாரை நிறுத்துவது

1. ஒரு யார்ட் வெறுமை

எங்கள் தற்காப்பு அணி நான் வகுத்துக் கொடுத்த முறையில் ஆடிய முதலாவது போட்டியில், எதிரணிக்குப் பந்தை எறிய வேண்டிய தேவையே ஏற்படவில்லை. நடுவால் ஓடினார்கள். மறுபடியும் நடுவால் ஓடினார்கள். இரண்டாம் பாதியில் அவர்களுடைய பயிற்சியாளர் இரக்கப்பட்டுத் தம் இரண்டாம் நிலை ஆட்டக்காரர்களை இறக்கினார். அவர்களும் நடுவாலேயே ஓடினார்கள்.

கனடாவில், ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின், பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் வட அமெரிக்க ஃபுட்போல் அணிக்குத் தற்காப்புப் பயிற்சியாளனாக ஏழு பருவங்கள் பணியாற்றியிருக்கிறேன். இந்த வேலைக்கு நான் படித்து வந்தவனல்லன். இலங்கையில் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தேன். இங்கே ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இடர்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற மாதமே என் தம்பி குகன் தொலைபேசியில் அழைத்தான். என்னைவிடப் பதினொரு வயது இளையவன். சிறுவனாக இங்கே வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் மாமாவின் வீட்டில் வளர்ந்து, இந்த விளையாட்டைப் பள்ளியிலேயே கற்று, பின்னர் உடற்கல்வி ஆசிரியராகவும் அணியின் தலைமைப் பயிற்சியாளனாகவும் ஆனவன்.

"அண்ணை, வீட்டை இருந்து என்ன செய்யப் போறியள்? எங்களுக்கு டிஃபென்ஸ் பாக்க ஒரு ஆள் வேணும். நீங்கள் கணக்குக்காரன். இது முழுக்க எண்ணிக்கைதான்."

குகன் சென்ற மாசியில் காலமானான். நோயைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் நம் இளைஞர்கள் சிலர், முன்வரிசையை எப்படி வகுப்பது, யாரை எப்போது உள்ளே விடுவது என்று எழுதித் தருமாறு கேட்டார்கள். அவனைத் தவிர்த்துவிட்டு அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தை வைத்திருக்கும் அணியின் முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் நின்று தடுப்பார்கள். அவர்களில் நடுவில் நிற்பவன் சென்ரர். பந்தைத் தன் கால்களுக்கு நடுவால் பின்னே கொடுத்து ஆட்டத்தைத் தொடக்கி வைப்பவன். பின்னால் நின்று அதை வாங்குபவன் குவாட்டர்பாக். அவன் எறியலாம், ஓடலாம், வேறொருவனிடம் கொடுக்கலாம். இவர்களுக்கு எதிரே தற்காப்பு அணி எத்தனை பேரை, யாரை, எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதைத்தான் முன்வரிசை, அதாவது ஃப்ரன்ட் என்கிறோம்.

நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்து அந்தக் கோடை முழுவதும் படித்தேன். நான்கு பேரை முன்னே நிறுத்தி, ஆளுக்கு ஓர் இடைவெளியைக் கொடுத்து, பந்து அசைந்ததும் அந்த இடைவெளிக்குள் பாயச் சொல்லும் முறை எனக்குப் பிடித்தது. வடிவம் நேர்த்தியாக இருந்தது. கரும்பலகையில் படம் கீறி விளக்கினேன். பிள்ளைகளுக்கும் நன்றாகவே விளங்கியது. அதன் பின்னர்தான் நான் மேலே சொன்ன போட்டி நடந்தது.

போட்டி முடிந்து சாமான் அறையில் மூவர் இருந்தோம். மூன்றாமவர் முன்வரிசைப் பயிற்சியாளர் ஃபாரூக் நானா. மின்சார ஒப்பந்தக்காரர், கொழும்பில் பள்ளி நாட்களில் றக்பி ஆடியவர். வாயைக் கட்டத் தெரியாத மனிதர்.

"டொக்டர், நீங்க எந்த நாட்டுப் புத்தகம் பாத்தீங்க?" என்றார். பல்கலைக்கழகத்தில் கற்பித்தவன் என்பதால் நான் அவருக்கு டொக்டர்.

"அமெரிக்கப் புத்தகம்."

"அதுதான். அங்க மூக்கோட மூக்கு வெச்சு நிப்பானுகள். கனடா சட்டத்துல பந்துக்கும் நமக்கும் நடுவுல ஒரு யார்ட் இரிக்கி. ஒங்க பையன் அந்த ஒரு யார்டையும் தாண்டிப் போய்ச் சேரக்குள்ள அவன் கதவச் சாத்திட்டுப் படுத்திருவான்."

உண்மைதான். அந்த ஒரு யார்ட் வெறுமை தடுப்பவனுக்கு ஒரு முழு அடியை இலவசமாகத் தருகிறது. அவன் அந்த அடியை எடுத்து வைத்து இடைவெளியை மூடிவிடுகிறான். நான் குகனைப் பார்த்தேன். அவன் ஈரமான சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். ஈரச் சட்டைகளை யாரும் மடிப்பதில்லை.

"உனக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"பயிற்சி தொடங்கேக்கையே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னனான் தானே."

"எப்ப?"

"நீங்கள் படம் கீறிக் காட்டேக்கை 'பாப்பம்' எண்டனான்."

ஃபாரூக் நானா தலைக்கவசப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பாப்பம் எண்டா இல்லயா? நான் ஓமெண்டு நெனச்சுல்லோ பிள்ளைகளப் போட்டு வாட்டினேன்."

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூத்தவரிடம் இல்லை என்று சொல்ல முடியாதபோது பாப்பம் என்கிறோம். எங்கள் வீட்டில் தந்தை முன்னரே காலமாகிவிட்டார். மூத்தவன் சொல்லுக்கு மறுசொல் அந்த வீட்டில் இருக்கவில்லை. நான் அதைக் கேட்டு வாங்கியதில்லை, அது இருந்தது. நாற்பது வயது கடந்த, தலைமைப் பயிற்சியாளனான என் தம்பி, தவறென்று தெரிந்த முன்வரிசையுடன் ஒரு போட்டியை இழந்தான். அண்ணன் கீறிய படத்தில் கைவைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"இஞ்ச பாருங்க ரெண்டு பேரும்," என்றார் ஃபாரூக் நானா. "அண்ணன் தம்பியெல்லாம் வீட்டுல வெச்சுக்கங்க. கிரவுண்டுல ஒரு கோச்தான். இனி ஹெட்செற்றுல அண்ணையும் கெடயாது, பாப்பமும் கெடயாது. ஓமெண்டா ஓம். இல்லையெண்டா இல்லை."

அன்று முதல் ஆட்ட நேரத்தில் என் பெயர் பொக்ஸ். உயரத்தில் இருந்து ஆட்டத்தைப் பார்த்து, ஹெட்செற் வழியாகத் தகவல் சொல்பவர் அமரும் கூண்டை அப்படி அழைப்பார்கள். எங்கள் பள்ளியில் கூண்டு இருக்கவில்லை; மைதானத்தைப் பார்த்தபடி இருந்த வேதியியல் ஆய்வுகூடத்தின் மேல்மாடி ஜன்னல்தான் அது. குகன் முதல் தடவை கூச்சத்துடன், "பொக்ஸ், சொல்லுங்கோ" என்றான்.

"சொல்லுங்கோ வேணாம். சொல்லு," என்று ஃபாரூக் நானாவின் குரல் குறுக்கிட்டது.

"அதை மட்டும் கேக்காதேங்கோ, நானா."

2. முதலாம் டவுனின் ஆட்கள்

கனடிய முறையில் பத்து யார்ட் முன்னேற மூன்று வாய்ப்புகள்தான் உண்டு. அமெரிக்க முறையில் நான்கு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே உண்மையில் இரண்டு வாய்ப்புகள்தான். முதலாம் டவுனில் எதிரணியை நிறுத்திவிட்டால், இரண்டாம் டவுனில் அவர்கள் எறிந்தே ஆகவேண்டும். எறியப்போகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கேற்ற ஆட்களை விடலாம்.

இதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் முறை. முதலாம் டவுனில் பாரமானவர்கள். இரண்டாம் டவுனில் வேகமானவர்கள். எதிரணி யாரை மாற்றுகிறது என்பதை நான் மேலிருந்து பார்த்துச் சொல்வேன். ஓடுபவன் வெளியேறி, பந்தைப் பிடிக்கும் றிசீவர் ஒருவன் உள்ளே வந்தால், எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவன் வெளியேறி, ஓடிப் பிடிக்கும் ஒருவன் உள்ளே போவான். இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பிழையாக எண்ணினால் பன்னிரண்டு பேர் நிற்கவேண்டிய களத்தில் பதின்மூன்று பேர் நிற்பார்கள். தண்டனையாக யார்டுகளை இழப்போம்.

ஒரு யார்ட் வெறுமைக்கும் விடை கண்டோம். நடுவில் நிற்பவன் பாயவே கூடாது. சென்ரருக்கு நேரே நின்று, மோதலை வாங்கி, இடத்தை விடாமல் இருபக்க இடைவெளிகளையும் காக்கவேண்டும். அந்த இடத்துக்கு நோஸ் என்று பெயர். அதற்குத் தன் இடத்திலிருந்து அரங்காத, அசைந்து கொடுக்காத ஒருவன் வேண்டும்.

அபி அப்படித்தான் எங்களிடம் வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு, கதவு நிலையை நிரப்பும் உடல், அதிகம் பேசமாட்டான், பேசினால் சிரிப்பு வரும். நோஸாக நிற்பவனின் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. அவனைத் தள்ள இரண்டு பேர் வருவார்கள். அந்த இரண்டு பேர் இல்லாத இடத்தில் வேறு யாரோ பந்தை வைத்திருப்பவனை வீழ்த்திப் பெயர் எடுப்பார்கள். அபி இதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும் பயிற்சிக்குப் பிறகு வந்தான்.

"அங்கிள், ஏன் என்னை எப்பவும் செக்கண்ட் டவுனில வெளியில எடுக்கிறியள்?"

"அப்ப அவங்கள் எறிவாங்கள், அபி. ஓடிப் பிடிக்கிற ஆள் வேணும்."

"நான் ஓடுவன்."

"நீ பஸ்ஸுக்கே ஓட மாட்டாய்," என்றார் பக்கத்தில் நின்ற ஃபாரூக் நானா.

"பஸ் எனக்காக வெயிற் பண்ணும், நானா."

சிரித்து முடிந்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், அங்கிள். யுனிவர்சிற்றியில இன்னும் நாலு வருசம் விளையாடினாக் காணும். ஐ ஜஸ்ட் வோண்ட் டு கீப் பிளேயிங்."

நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகம் மட்டுமே அவனைப் பற்றி விசாரித்திருந்தது. அதன் முன்வரிசைப் பயிற்சியாளர் ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் தெரிவு செய்த நாள், எங்கள் அரையிறுதிப் போட்டியின் நாள்.

3. மழைக்குள் நின்ற வான்

அரையிறுதியில் எங்களை எதிர்த்த அணி நான் பார்த்தவற்றுள் மிகவும் வித்தியாசமானது. முதலாம் டவுனிலேயே ஐந்து றிசீவர்களை இறக்கி, களத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்துவார்கள். குவாட்டர்பாக் ஐந்து யார்ட் பின்னால் நின்று, வாங்கியதும் எறிந்துவிடுவான். பாரமானவர்கள் அவனை நெருங்குவதற்குள் பந்து போய்விடும்.

அந்த வாரம் மழை விடவில்லை. பள்ளி வாகனத் தரிப்பிடத்தில், ஃபாரூக் நானா வேலைக்கு ஓட்டும் வான் வண்டிக்குள் மூவரும் உட்கார்ந்து, முன்பலகையில் ரப்லெற்றைச் சாய்த்துவைத்து, அவர்களுடைய போட்டிகளின் படத்தைப் பார்த்தோம். பின்னால் கேபிள் சுருள்கள் கிடந்தன. தேநீரின் ஆவி கண்ணாடியை மூடியது.

என் முடிவு தெளிவாக இருந்தது. முதலாம் டவுனும் எறியும் டவுனாகவே இருக்கும்போது பாரமானவர்களுக்கு வேலை இல்லை. போட்டி முழுவதும் வேகமான ஆட்களை விடவேண்டும். அபி வெளியே இருக்கவேண்டும்.

ஃபாரூக் நானா தேநீரைக் கீழே வைத்தார். "அந்த மனிசன் அண்டைக்குத்தான் பாக்க வாறாரு."

"எனக்குத் தெரியும், நானா. அதுக்காக லைனை மாத்தேலாது."

குகன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். மூக்குக்கண்ணாடியை அல்ல, வானின் முன்கண்ணாடியை. துடைத்து முடித்து, "பாப்…" என்று தொடங்கினான். ஃபாரூக் நானா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை," என்றான் குகன். "அபி நிப்பான். முதலாம் டவுன் முழுக்க நிப்பான்."

அவன் வாழ்க்கையில் என்னிடம் சொன்ன முதலாவது 'இல்லை' அதுவாகத்தான் இருக்கும். அவன் என்னைப் பார்க்கவில்லை. ரப்லெற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவங்களைக் கண்டவுடனை எல்லா ரீமும் பெரியவனை வெளியில எடுக்குது. எடுத்தவுடனை அந்தக் குவாட்டர்பாக் நடுவால ஓடுறான். பாருங்கோ, இஞ்சை. இஞ்சையும். தடுக்கிறது அஞ்சு பேர். அபியைத் தடுக்க ரெண்டு பேர் வேணும். மிச்சம் மூண்டு. எங்கடை மிச்ச ஆக்களும் மூண்டு. ஆளுக்கு ஆள் சரி."

"அவன் களைக்கிற வரைக்கும்தான் ரெண்டு பேர் வேணும். களைச்சால் ஒராள் காணும். எறிஞ்சு எறிஞ்சே அவனை ஓட வைப்பாங்கள்."

"களைச்சா எடுக்கிறன்."

"குகன், நீ பெடியனுக்காகச் சொல்லுறியோ, கேமுக்காகச் சொல்லுறியோ?"

அவன் சற்று யோசித்தான். "ரெண்டுக்கும்தான். எனக்குப் பிரிக்கத் தெரியேல்லை."

"பிரிக்கத் தெரியாட்டி நான் ஓமெண்டு சொல்லேலாது."

"நீங்கள் ஓமெண்ட வேண்டாம்," என்றான் மிக மரியாதையாக. "முடிவு என்ரை. தோத்தா பொறுப்பும் என்ரை."

ஃபாரூக் நானா வைப்பரைப் போட்டார். ஏன் போட்டார் என்று தெரியவில்லை. வான் எங்கும் போகவில்லை.

4. பொக்ஸ், இல்லை

அரையிறுதி நடந்த மைதானத்தில் மெய்யான கூண்டு ஒன்று இருந்தது. அதன் ஜன்னலைத் திறந்துவைத்தால் கீழே அமர்ந்திருக்கும் பெற்றோரின் பேச்சு காதில் விழும். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் மேல்வரிசையில் தனியாக, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் எதுவும் வைத்திருக்கவில்லை.

முதற்பாதி நான் அஞ்சியவாறே நடந்தது. அவர்கள் விளிம்புகளுக்குச் சிறிய எறிதல்களாக எறிந்தார்கள். அபி சென்ரரை ஓர் அடி பின்னே தள்ளுவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்கும். குவாட்டர்பாக் நடுவால் ஓடவே இல்லை. அபி நின்றபடியால் ஓடவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஓடாமலேயே அவர்கள் பந்தை எங்கள் எல்லைக்குள் சேர்த்து ஒரு ரச் டவுன் எடுத்தார்கள், மேலதிக உதையோடு ஏழு புள்ளிகள்.

"கோச், நோஸை எடு."

"பொக்ஸ், இல்லை."

கீழே ஒரு தந்தை பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது கேட்டது: "உந்தக் குண்டனை ஏன் நடுவில நட்டு வைச்சிருக்கினம்? வேலிக் கதியால் மாதிரி நிக்கிறான்."

இரண்டாவது ரச் டவுன் விழுந்தது.

"கோச், எடுக்கிற நேரம் வந்திட்டுது."

"பொக்ஸ், இல்லை."

இடைவேளையில் பதினான்குக்குச் சுழியம். ஹெட்செற்றை அணைக்க குகன் மறந்திருந்தான். அணி கூடியிருந்த இடத்தின் இரைச்சல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அபியின் குரல், மிக அருகே கேட்டது.

"கோச், ரேக் மீ அவுட்."

"ஏன்?"

"நான் நிண்டு தோக்கிறம். வேறை ஆளை விடுங்கோ. இற்ஸ் ஓகே."

"மேல ஆர் இருக்கிறார் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே கேக்கிறாய்."

"ரீம் தோக்குது, கோச்."

தனக்கு இருந்த ஒரே வாய்ப்பை அந்தப் பிள்ளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான். குகன் அதை வாங்கியிருந்தால் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் கேட்டவையெல்லாம் அதற்குச் சாதகமாகவே இருந்தன: என் கணிப்பு, பலகையிலிருந்த புள்ளிகள், அபியின் சொந்த வாய்.

"உன்னைக் கேட்டு நான் லைன் போடுறேல்லை," என்றான் குகன். "போய்த் தண்ணி குடி."

பின்னர் என்னை அழைத்தான். "பொக்ஸ், அவனை வெளியில எடுக்க மாட்டன். அவனை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு என்ன செய்யலாம்? பாத்துச் சொல்லுங்கோ."

இந்த இடத்தை இளைய பயிற்சியாளர்கள் கவனிக்கவேண்டும். அதுவரை ஒன்றரை மணி நேரமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றையே: அபியை வெளியே எடுப்பதற்கான காரணம். தேடினேன், கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கதவை என் தம்பி முழுவதுமாகச் சாத்திவிட்ட பிறகுதான் நான் முதன்முறையாகச் சென்ரரைப் பார்த்தேன்.

இடைவேளைக்குப் பின் முதலில் அவர்களிடமே பந்து இருந்தது. குவாட்டர்பாக் தூரத்தில் நிற்பதால், சென்ரர் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்து கால்களுக்கு நடுவால் அவனைப் பார்த்துக்கொண்டான். பார்த்து முடிந்ததும் வலது கையால் பந்தைப் பின்னே அனுப்பினான். அபி நேரே நின்றதால், கை திரும்பி வரும்வரை இடது தோளால் தாங்கிக்கொண்டான். இடப்பக்கத்தவன் உதவிக்கு வந்தான். வலது தோள் பக்கம் உதவிக்கு எவரும் வரவில்லை. வலது கையோ அந்த நொடியில் கால்களுக்கு நடுவில் இருந்தது.

"கோச், நோஸை நேரே விடாதை. சென்ரரின்ரை வலது தோளுக்கு அரக்கு. பந்து குடுக்கிற கையின்ரை பக்கம். அரை ஆள் அளவு போதும்."

"ஒரு யார்ட் தூரம் இருக்கே, பொக்ஸ்?"

"அந்தக் கை திரும்பி வர எடுக்கிற நேரமும் ஒரு யார்ட்தான். அதோடை இடப்பக்கத்தான் உதவிக்கு வரேலாது. வலப்பக்கத்தான்தான் வரவேணும். வந்தால் எங்கடை வெளிப்பக்க ஆளுக்கு வழி திறக்கும்."

"ஓம்," என்றான் குகன். பின்னர் ஃபாரூக் நானாவின் குரல் மைதானத்தின் மறுகரைவரை கேட்டது: "அபி, அரை ஆள் அரங்கு. அரை ஆளடா. வீடு மாறச் சொல்லேல்ல."

அடுத்த முதலாம் டவுனில் சென்ரர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, அபியின் தோளை எதிர்பாராத இடத்தில் கண்டான். அவசரப்பட்டான். பந்து தாழ்ந்து போனது. குவாட்டர்பாக் குனிந்து பொறுக்குவதற்குள் எங்கள் வெளிப்பக்கத்துப் பையன் அவன்மேல் இருந்தான். அதன்பின் சென்ரர் அந்தப் போட்டியில் ஒரு தடவையும் நிம்மதியாகக் குனிந்து பார்க்கவில்லை. உயர்ந்தும் தாழ்ந்தும் பந்து போனது. விரைந்து எறிவதில் தங்கியிருந்த அவர்களுடைய தாக்குதலில் ஒரு சிறு தாமதம் புகுந்தது. அந்தத் தாமதம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அபியின் பெயர் ஒலிபெருக்கியில் வரவே இல்லை. இரண்டு பேர் ஓயாமல் அவன்மேல் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் தாக்குதல் அணியும் இரண்டு ரச் டவுன் எடுக்க, பதினான்குக்குப் பதினான்கு ஆனது.

கடைசியில் அவர்கள் கோலுக்கு உதைத்தார்கள். உதை தவறியது. ஆனால் கனடிய முறையில், தவறிய உதையும் களத்தின் பின்னெல்லையைக் கடந்துவிட்டால் ஒரு புள்ளி. பந்து கடந்தது. ஒரு புள்ளியால் தோற்றோம்.

5. போடாத கணக்கு

நான் கூண்டிலிருந்து இறங்கி வந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் குகனுடன் பேசிக்கொண்டிருந்தார். அபி எத்தனை பேரை வீழ்த்தினான் என்று அவர் கேட்கவில்லை. இடைவேளைக்குப் பின் அவனை நகர்த்தியபோது அவனுக்கு எவ்வளவு நேரம் விளக்கினீர்கள் என்று கேட்டார். ஒரு வசனம் என்றான் குகன். அவர் தலையசைத்துவிட்டு அபியைத் தேடிப் போனார்.

அன்று மாலை குகன் என்னைத் தன் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் மார்க்கம் நகரில் குடியிருந்தான். என் வீடு றிச்மண்ட் ஹில்லில். பெற்றோர் சிலர் கடுமையாகப் பேசியிருந்தார்கள். முன்வரிசையைத் தெரிவு செய்தது தான்தான் என்று அவர்களிடம் சொல்லியிருந்தான். இரண்டாம் பாதியின் மாற்றம் என்னுடையது என்பதையும் மறக்காமல் சொல்லியிருந்தான்.

"அண்ணை," என்றான். போட்டி முடிந்துவிட்டதால் நான் மறுபடியும் அண்ணையாகியிருந்தேன். "நீங்கள் சொன்னபடி முதல்லயிருந்து விட்டிருந்தா வெண்டிருப்பமோ?"

"தெரியாது."

"நீங்கள் கணக்குப் போட்டிருப்பியள் எண்டு நினைச்சன்."

"போடேல்லை."

"போடுவியளோ?"

"இல்லை," என்றேன்.

அவன் சிரித்தான். அன்று முழுவதும் அவன் சிரித்தது அப்போதுதான்.

வசந்தத்தில் அபிக்கு இடம் கிடைத்தது. குகன் தொலைபேசியில், "அண்ணை, அபிக்கு வந்திட்டுது" என்றான். நல்லது என்றேன். இருவரும் உடனே தொலைபேசியை வைக்கவில்லை.

மாசியில் இறுதிக் கிரியைக்கு அபி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தான். இப்போது மூன்றாம் ஆண்டு. கோட் அணிந்து, வரிசையில் பொறுமையாக நின்று என்னிடம் வந்தான்.

"அங்கிள், அண்டைக்கு நான் அவரிட்டை என்னை வெளியில எடுக்கச் சொல்லிக் கேட்டனான். யூ டோன்ற் நோ திஸ்."

"தெரியும், அபி. கேட்டுக்கொண்டிருந்தனான்."

"ஹி செட் நோ."

"ஓம்."

அவன் என் கையைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அவர்களும் அவசரப்படவில்லை.

அந்தப் போட்டியின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு டவுனாகப் பிரித்து, வேகமான ஆட்களை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கக்கூடும் என்று மதிப்பிட எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அது. செய்யவில்லை, செய்யப்போவதுமில்லை. விடை எதுவாக இருந்தாலும், அதற்காகக் குகன்மீது எனக்கிருக்கும் நன்றியுணர்வில் ஒரு துளியும் கூடவோ குறையவோ போவதில்லை.

இளைய பயிற்சியாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முன்வரிசையை வகுப்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். எந்த நாட்டுப் புத்தகம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்களை எண்ணப் பழகலாம். ஆனால் நீங்கள் கீறிய படத்தை மறுக்கக்கூடிய ஒருவரை உங்கள் பக்கத்தில் வைத்திருங்கள். அவர் மறுத்த பிறகு மனம் கோணாமல் அவருடைய முடிவுக்காக வேலை செய்யுங்கள். நான் இந்த விளையாட்டில் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விடயம், அந்தச் சென்ரரின் வலது தோள், அப்படிக் கிடைத்ததுதான்.

இப்போது ஃபாரூக் நானா தலைமைப் பயிற்சியாளர். நான் இன்னும் மேலே ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு போட்டியிலும் அவர் எனக்குப் பலமுறை இல்லை என்கிறார். "டொக்டர், வேணாம், சும்மா இருங்க" என்று உரத்துச் சொல்கிறார். அவருக்கு அது சுலபம். என் தம்பிக்கு அது சுலபமாக இருக்கவில்லை.